தகவல் மனுவுக்குப் பதில் வராவிட்டால் விவசாயிகள் செய்ய வேண்டியது

கொல்லிமலை பெரக்கரை நாட்டில் ஒரு விவசாயி மிளகு நாற்று மானியம் கேட்டு மனுக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் அவர் பெயர் இல்லை. காரணம் கேட்டுத் தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு மனுப் போடுகிறார். ஒரு மாதம் கழித்தும் பதில் இல்லை. அல்லது "தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது" என்று ஒரு வரி வருகிறது. இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் மனுவைக் கைவிட்டுவிடுகிறார்கள். சட்டம் தரும் பலமான பகுதி இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இச்சட்டம் 2005 அக்டோபர் 12 முதல் நடைமுறையில் உள்ளது. மனுவுடன் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்கள் சான்று இணைத்தால் அதுவும் வேண்டாம். மனு அலுவலகத்தில் சேர்ந்த 30 நாட்களுக்குள் பதில் தரவேண்டும். வேறு அலுவலகத்துக்குரிய மனுவாயின், ஐந்து நாட்களுக்குள் அவர்களே அங்கு அனுப்பிவைத்தல் வேண்டும். விவசாயியை மலையிறங்கி அலையச் சொல்லக்கூடாது.

கேட்கும் விதத்தைப் பற்றி இங்கு சொல்லியாக வேண்டும். விரிவாக்கப் பணியில் நான் பார்த்தவரை, பல மனுக்கள் கேள்வியிலேயே தோற்றுவிடுகின்றன. "எனக்கு ஏன் மானியம் தரவில்லை?" என்று கேட்டால், விளக்கம் எழுத அலுவலர் கடமைப்பட்டவர் அல்லர். கையிலுள்ள ஆவணத்தைத்தான் தரமுடியும் என்று உச்ச நீதிமன்றம் 2011-ல் ஒரு தேர்வு விடைத்தாள் வழக்கில் தெளிவாக்கியது. ஆகவே, "இன்ன தேதியிட்ட என் மனுவின்மீது கோப்பில் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல், பயனாளிகளைத் தேர்வு செய்யும் விதிமுறையின் நகல்" என்று கேட்கவும். மண் பரிசோதனைக்கு வரப்போரம் மண்ணெடுத்து அனுப்பிவிட்டு ஆய்வுக்கூடத்தைக் குறை சொல்வதில் பயனில்லை அல்லவா?

எதற்காகக் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. 2014 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஒரு அமர்வு காரணம் சொல்லவேண்டும் என்று தீர்ப்பில் எழுதியது. சட்டத்தின் 6(2) பிரிவு அதற்கு நேர்மாறாக இருப்பதைக் கண்டு, ஒரு வாரத்துக்குள் அதே அமர்வு தானே அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. எந்த அலுவலகத்திலாவது காரணம் கேட்டால் இதைச் சொல்லலாம்.

இனி மேல்முறையீடு. விதைப்புக்குப் பட்டம் இருப்பதுபோல் இதற்கும் பட்டம் உண்டு. ஜூன் 1-ல் மனு சேர்ந்தால் ஜூலை 1-க்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அதிலிருந்து 30 நாட்களுக்குள், அதாவது ஜூலை 31-க்குள், அதே துறையில் தகவல் அலுவலருக்கு மேலுள்ள அலுவலருக்கு முதல் மேல்முறையீடு அனுப்பவேண்டும். பதில் வந்து திருப்தி இல்லை என்றால், பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாட்கள். மறுத்து எழுதினால் மறுப்பின் காரணம், மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாள் அவகாசம் ஆகியவற்றை அந்தக் கடிதத்திலேயே குறிப்பிட வேண்டும். முதல் மேல்முறையீடு 30 நாட்களில், மிஞ்சினால் 45 நாட்களில் முடிக்கப்பட வேண்டும். அங்கும் பயனில்லை என்றால் 90 நாட்களுக்குள் சென்னையிலுள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு. இவற்றுக்குத் தமிழ்நாட்டில் கட்டணம் இல்லை. மறுத்தது சரிதான் என்று நிரூபிக்கும் பொறுப்பு அலுவலருடையது, விவசாயியுடையது அல்ல. தக்க காரணமின்றித் தாமதித்த தகவல் அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம், 25,000 ரூபாய் வரை ஆணையம் அபராதம் விதிக்கலாம். கெடு தாண்டித் தரும் நகலுக்குப் பக்கத்துக்கு இரண்டு ரூபாய் என்ற கட்டணமும் கேட்கக்கூடாது.

ஆணையத்துக்கு எழுதும்போது பலர் தலைப்பில் "புகார்" என்று எழுதிவிடுகிறார்கள். இது சிறிய சொல் வேறுபாடு அன்று. மணிப்பூரில் ஒருவர் 2007-ல் அம்மாநில மாஜிஸ்திரேட் விசாரணைகள் பற்றித் தகவல் கேட்டார். பதில் வராததால் 18-வது பிரிவின்கீழ் ஆணையத்தில் புகார் கொடுத்தார். ஆணையமும் தகவலைத் தர உத்தரவிட்டது. மாநில அரசு வழக்குக்குப் போயிற்று. 2011 டிசம்பர் 12-ல் உச்ச நீதிமன்றம், புகாரின்மீது அலுவலருக்குத் தண்டனை விதிக்கலாமே தவிர, தகவலைத் தரச்சொல்ல ஆணையத்துக்கு அதிகாரமில்லை. தகவல் வேண்டுமானால் 19-வது பிரிவின்கீழ் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் கழித்து, அவர் மேல்முறையீட்டிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. எனவே தலைப்பில் "19(1) பிரிவின்கீழ் முதல் மேல்முறையீடு" என்றும், அடுத்ததில் "19(3) பிரிவின்கீழ் இரண்டாம் மேல்முறையீடு" என்றும் தெளிவாக எழுதவும்.

கூட்டுறவுச் சங்கங்களைப் பற்றிக் கேட்பவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபரில் வந்த தீர்ப்பின்படி, அரசின் கணிசமான நிதியோ கட்டுப்பாடோ இல்லாத சங்கம் இச்சட்டத்துக்குள் வராது. ஆனால் பதிவாளர் வருவார். சங்கத்திடமிருந்து அவர் சட்டப்படி பெறக்கூடிய விவரத்தை அவரிடம் கேட்கலாம். சங்கம் கைவிரித்தால் துணைப் பதிவாளர் அலுவலகத்துக்கு மனு எழுதுவது நல்லது.

அடுத்தவர் பெயர் விவரம் கேட்பது இப்போது கடினமாகியுள்ளது. 2023-ஆம் ஆண்டுத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் 8(1)(ஜே) பிரிவு திருத்தப்பட்டு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. "தனிப்பட்ட தகவல்" என்று மறுக்க இது வழிவிடுகிறது. இந்தத் திருத்தம் சிறு விவசாயிக்கு நன்மையானது என்று நான் கருதவில்லை. எனினும் மானியத் திட்டங்களின் ஒதுக்கீட்டையும் பயனாளிகள் விவரத்தையும் துறைகள் தாமாகவே வெளியிட வேண்டும் என்ற 4(1)(பி) பிரிவும், பொதுநலன் பெரிதெனில் தகவலைத் தரலாம் என்ற 8(2) பிரிவும் அப்படியே உள்ளன. மேல்முறையீட்டில் இவ்விரண்டையும் குறிப்பிடவும்.

ஆணையம் இரண்டாம் மேல்முறையீட்டை இத்தனை நாளில் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் கெடு இல்லை. காத்திருக்க நேரலாம். அதற்குள் உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போக 23-வது பிரிவு தடை செய்கிறது. ஆணையத்தின் உத்தரவுமீது குறை இருந்தால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு ஒன்றே வழி. நாமக்கல் மாவட்டத்துக்கு அது மதுரை அன்று, சென்னை. விவசாயி வென்றபின் துறையே அங்கு போகவும் கூடும். அப்போது எதிர்மனுதாரராக நோட்டீஸ் வந்தால் பயந்து ஒதுங்க வேண்டாம். பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் வழக்கறிஞரை இலவசமாக அமர்த்தித்தர 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் வழி செய்துள்ளது. நாமக்கல்லிலுள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குச் செல்லும்போது சாதிச் சான்றிதழ், மனுவின் நகல், இரண்டு மேல்முறையீடுகளின் நகல்கள், விரைவுத் தபால் ரசீதுகள் ஆகியவற்றைத் தேதிவாரியாக அடுக்கி எடுத்துச் செல்லவும்.