முதிய நாய்க்கு விடைகொடுத்தல்

நுவரெலியா, அட்டன் தோட்டங்களில் விடியற்குளிர் முதிய நாயின் மூட்டுகளை மிகவும் வருத்தும். கொழுந்தெடுக்கச் செல்வோரைத் தொடர்ந்து நாள்தோறும் மலையேறிய நாய், ஒரு நாள் லயத்து இஸ்தோப்பிலேயே படுத்துவிடுகின்றது.

கண் மங்கும், செவி மந்தமாகும். மோப்ப உணர்வோ பெரும்பாலும் நெடுநாள் எஞ்சி நிற்கும். ஆதலின் அடுப்பருகே சாக்கு விரித்து, வீட்டார் போர்த்திய பழைய கம்பளியை அதன்மேல் இடுதல் நன்று; பழகிய வாசனை அதற்கு ஆறுதலாகும். உணவை மறுத்து வலியால் முனகின், மிருக வைத்தியரை நாட வேண்டும். இனி மீட்சியில்லை என்று அவர் கூறுமிடத்து, மயக்கமருந்தால் நோவின்றி உயிர் பிரியச் செய்தல் கொடுமையன்று. அப்பொழுது வீட்டார் அருகிருந்து தடவிக்கொடுத்தலே இறுதிக் கடன்.

நாய்க்காக அழுவதா என நாணுவோர் உளர். மலையக மக்களின் முன்னோர் புறப்பட்டுவந்த தமிழகத்தில், திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், 7ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று உண்டு. ஆநிரைப் பூசலில் வீழ்ந்த வீரனுடன் அவன் நாயும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்வரைக் கடித்துக் காத்து நின்ற அந்நாயின் பெயர் கோவிவன் என்று கல்வெட்டுக் கூறுகின்றது.

நாயின் பெயரைக் கல்லில் பொறித்தோர் நாணவில்லை. லயத்தின் பின்புறம் ஆழக் குழிதோண்டிப் புதைப்போரும் நாண வேண்டுவதில்லை; பெயர் சொல்லி அழைத்தே விடைகொடுக்கலாம்.