உஷார்! உங்கள் பட்டறை சாஃப்ட்வேருக்குக் கீழே என்ன இருக்கிறது?

காக்களூர் சிட்கோவிலும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டிலும் தொழில் நடத்துகிறவர்களுக்கும், வேப்பம்பட்டில் வீட்டிலிருந்தபடியே அவர்களுக்கு வெப்சைட்டும் பில்லிங் சாஃப்ட்வேரும் செய்து தரும் பிள்ளைகளுக்கும் இது அவசரமான சேதி. இன்வாய்ஸ், ஜாப் ஒர்க் சலான், சம்பளக் கணக்கு எல்லாம் ஓடும் அந்த சாஃப்ட்வேர் எந்த பிரேம்வொர்க்கின் (சாஃப்ட்வேர் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளம்) மேல் கட்டப்பட்டது, அதில் எந்தப் பதிப்பு என்று இன்றே கேளுங்கள். பதில் சொல்ல ஆளில்லை என்றால் இனி ஒருநாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

2025 டிசம்பர் 3 அன்று, வெப்சைட் கட்டப் பயன்படும் ரியாக்டின் குழு அதிலிருந்த ஒரு பாதுகாப்பு ஓட்டையை வெளியே சொன்னது. அபாய அளவு பத்துக்குப் பத்து. பாஸ்வேர்டு எதுவும் தேவையில்லை. வெளியிலிருந்து ஒரே கோரிக்கையை அனுப்பி உங்கள் சர்வரில் தன் நிரலை ஓடவிடலாம். ரியாக்டின் மேல் நிற்கும் நெக்ஸ்ட் ஜேஎஸ் தளங்களும் மாட்டின. திருத்தம் அன்றே வந்துவிட்டது. தாக்குதலும் சில மணி நேரத்திலேயே தொடங்கிவிட்டது. மாதக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தவர்களின் கதி என்ன?

அமெரிக்காவின் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸ் அப்படித்தான் விழுந்தது. அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற ஓப்பன் சோர்ஸ் பிரேம்வொர்க்குக்கு 2017 மார்ச்சில் பேட்ச் வந்தது. அந்த நிறுவனம் ஒரு தளத்தில் அதைப் போடாமல் விட்டது. மே மாதம் திருடர்கள் நுழைந்தார்கள். சுமார் 14.7 கோடிப் பேரின் விவரங்கள் பறிபோயின. பிரேம்வொர்க்கை எழுதியவர்கள் தங்கள் கடமையைச் செய்து முடித்திருந்தார்கள். வாங்கிப் போட வேண்டியவர்கள்தான் போடவில்லை.

அந்தக் கடமையைச் செய்ய ஆள் இருந்துகொண்டே இருப்பார்கள் என்றும் நம்பிவிட முடியாது. பிஎச்பி மொழி தெரிந்தவர்களுக்கு கோட்இக்னைட்டர் பிரேம்வொர்க்கைத் தெரியாமல் இருக்காது. 2006-ல் அதை உருவாக்கிய எல்லிஸ்லேப், 2013-ல் இனி எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது என்று கைவிரித்தது. ஓராண்டுக்கு மேல் தத்தெடுக்க ஆள் தேடிய பின், 2014-ல் அது கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா தொழில்நுட்பக் கல்லூரியிடம் போய்ச் சேர்ந்தது. அங்கே அதைத் தூக்கி நிறுத்திய ஜிம் பாரி, நான்காம் பதிப்பு வெளிவரும் முன்பே 2020 ஜனவரியில் காலமானார். குழுவினர் பிப்ரவரி 24-ல் அதை வெளியிட்டார்கள். இதில் எந்தக் கட்டத்திலாவது ஆள் கிடைக்காமல் போயிருந்தால், அதை நம்பியிருந்த அத்தனை கடைகளும் கம்பெனிகளும் அநாதைகள். இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக யாரோ சும்மா செய்கிறார்கள் என்று நினைக்காதீர்கள். ராத்தூக்கம் கெட்டு உழைக்கிறவர்கள் அவர்கள்.

பிரேம்வொர்க் புதிதாக இருந்து, அதன் கீழ் ஓடும் பிஎச்பி 7.4 ஆக இருந்தாலும் ஆபத்துதான். அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. லாராவெல் என்ற பிஎச்பி பிரேம்வொர்க்கில் தளம் கட்டியவர்கள், பிழை விவரங்களைக் காட்டும் டீபக் வசதியை அணைத்தாயிற்றா, பாஸ்வேர்டுகள் உள்ள என்வி கோப்பு வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். அந்தக் கோப்பையே தேடி அலையும் ஆண்ட்ராக்ஸ்கோஸ்ட் என்ற தீநிரலைப் பற்றி 2024 ஜனவரியில் எஃப்பிஐ எச்சரித்தது.

டெவலப்பர் தம்பி தங்கைகளுக்குத் தனியாக ஒன்று. முதலாளி அவசரப்படுத்துகிறார் என்று பிரேம்வொர்க்கின் மூல நிரலுக்குள்ளேயே கைவைத்து மாற்றாதீர்கள். அடுத்த அப்டேட் வந்தால் உங்கள் மாற்றம் அழியும். அழியக்கூடாது என்று அப்டேட்டையே நிறுத்திவிடுவீர்கள். பழைய பதிப்பில் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இப்படித்தான். மும்பையில் பிறந்த ஃப்ராப்பே பிரேம்வொர்க்கின் மேல் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற நிர்வாக சாஃப்ட்வேரை ஓட்டுகிறவர்களுக்கு, தங்கள் மாற்றங்களைத் தனி ஆப்பாக எழுதிக்கொள்ள வழி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள். ஓட்டை கண்ணில் பட்டால் பொதுவில் போட்டு உடைக்காமல், முதலில் பராமரிப்பாளருக்கு ரகசியமாகத் தெரிவியுங்கள்.

முதலாளிமார்களே, ஆண்டுப் பராமரிப்புக்கென்று ஒரு தொகையை ஒதுக்குங்கள். அதில் கொஞ்சம் அந்த பிரேம்வொர்க்கைக் காப்பவர்களுக்கும் போகட்டும். பங்குத் தரகு நிறுவனமான ஜெரோதா 2024-ல் ஓப்பன் சோர்ஸ் திட்டங்களுக்காக ஃபிளாஸ் ஃபண்ட் தொடங்கி, ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. நம்மால் ஆயிரம் ரூபாயாவது முடியாதா?

தாக்குதல் நடந்துவிட்டால் மூடி மறைக்காதீர்கள். தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பிடம் தெரிவிக்க வேண்டும், சர்வர் லாக்குகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்பது 2022 முதல் உள்ள உத்தரவு. பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு போன் செய்யுங்கள்.