இல்லத்துள் புகுந்த அச்சம்

மனிதனுக்கு இல்லம் என்பது சுவரும் கூரையும் மட்டும் அன்று. வெளியில் அளந்து பேசுகிறவனும் இல்லத்தில் மனம் விட்டுப் பேசுகிறான். தந்தை ஒரு கொள்கையைப் போற்றலாம். மகன் அதை மறுக்கலாம். மறுத்த பின்னும் இருவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணலாம். ஒரு நாட்டின் உரிமை வாழ்வு எத்தகையது என்பதை அறிய அதன் அரசியல் சட்டத்தைப் படித்தல் மட்டும் போதாது. அந்நாட்டு மக்கள் தம் வீட்டில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த பின், ஏறத்தாழப் பத்தாண்டுக் காலம், அமெரிக்க ஐக்கிய நாட்டில் பொதுவுடைமையைப் பற்றிய அச்சம் இல்லங்களுக்குள்ளும் புகுந்தது. அது புகுந்த வழியையும், அதனால் நேர்ந்த விளைவையும் இங்கே காண்போம்.

முதலில் ஒரு குடும்பத்தின் கதை. மிச்சிகன் மாநிலத்தில் டெக்ஸ்டர் என்னும் சிற்றூரில் மைலோ ரடுலோவிச் என்ற இளைஞர் வாழ்ந்தார். அவர் விமானப்படையில் பல ஆண்டுகள் பணியாற்றியவர். வானிலை ஆராயும் துறையில் பயிற்சி பெற்றவர். 1953-ஆம் ஆண்டில் அவர் படையின் ரிசர்வ் பிரிவில் லெப்டினன்டாக இருந்துகொண்டே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் பயின்று வந்தார். அவ்வாண்டு அவருக்கு ஓர் அறிவிப்பு வந்தது. நாட்டின் பாதுகாப்புக்கு அவரால் ஊறு நேரக்கூடும் என்றும், ஆதலின் அவர் பதவியில் இருத்தல் தகாது என்றும் அது கூறியது. அவர் செய்த குற்றம் யாது? ஒன்றும் இல்லை. அவருடைய நாட்டுப்பற்றில் தமக்கு ஐயம் இல்லை என்றே அதிகாரிகள் ஒப்புக்கொண்டனர். அவர் தம் தந்தையுடனும் சகோதரியுடனும் நெருங்கிய உறவு கொண்டிருந்ததே குறையாகக் காட்டப்பட்டது. தந்தை செர்பிய நாட்டிலிருந்து குடியேறி, மோட்டார்த் தொழிற்சாலையில் உழைத்தவர். பொதுவுடைமைச் சார்புடையது என்று கருதப்பட்ட ஒரு செர்பியப் பத்திரிகையைப் படித்து வந்தார். சகோதரி இடதுசாரி இயக்கங்களில் ஈடுபட்டவர் எனப்பட்டது.

விசாரணை நடந்தது. குற்றச்சாட்டின் சான்றுகள் ஓர் உறையில் இருப்பதாகச் சொல்லப்பட்டது. ஆனால் அந்த உறை திறக்கப்படவே இல்லை. சான்று சொன்னவர் யார் என்பதும் அறிவிக்கப்படவில்லை. தந்தையையும் சகோதரியையும் கைவிட்டால் பதவி நிலைக்கும் என்ற நிலையில், ரடுலோவிச் அதற்கு உடன்படவில்லை. இன்று நான் என் தந்தையைத் துறந்தால், நாளை என் குழந்தைகளும் என்னைத் துறக்குமாறு கேட்கப்படமாட்டார்களா என்பது அவருடைய வாதம்.

இத்தகைய நிலை எவ்வாறு தோன்றியது? அச்சத்திற்குக் காரணமே இல்லை என்று கூறுதல் உண்மையாகாது. 1949-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் சோவியத் நாடு அணுகுண்டை வெடித்துச் சோதித்தது. அதே ஆண்டு அக்டோபரில் சீனத்தில் பொதுவுடைமை அரசு நிறுவப்பட்டது. 1950-இல் கொரியப் போர் மூண்டது. அவ்வாண்டிலேயே, அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்தில் பணியாற்றிய கிளாஸ் ஃபூக்ஸ் என்னும் விஞ்ஞானி, தாம் சோவியத் நாட்டுக்கு இரகசியங்களை அளித்ததை இங்கிலாந்தில் ஒப்புக்கொண்டார். சோவியத் உளவாளிகள் அமெரிக்காவில் இருந்தனர் என்பதை, 1995-இல் வெளியிடப்பட்ட அக்காலத்து இரகசியத் தந்திகளும் உறுதி செய்தன. உளவாளியைக் கண்டறிந்து தண்டித்தல் எந்த அரசுக்கும் உரிய கடமையே.

ஆனால், குற்றம் செய்தவனைத் தேடுதல் வேறு. குற்றம் செய்யக் கூடியவன் யார் என்று தேடுதல் வேறு. முன்னதற்கு எல்லை உண்டு. பின்னதற்கு எல்லையே இல்லை. 1947-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் குடியரசுத் தலைவர் ட்ரூமன், அரசாங்க ஊழியர் அனைவருடைய விசுவாசத்தையும் ஆராயுமாறு ஆணை பிறப்பித்தார். விசுவாசமற்றவர் என்று கருதுவதற்குத் தக்க காரணம் வேண்டும் என்பது தொடக்கத்தில் இருந்த விதி. 1951-இல் அது மாறியது. தக்க ஐயம் இருந்தாலே போதும் என்றாயிற்று. 1947 முதல் 1956 வரை ஐம்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட ஊழியர்கள் ஆராயப்பட்டனர். சுமார் 2,700 பேர் நீக்கப்பட்டனர். சுமார் 12,000 பேர் தாமே விலகினர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகின்றனர்.

அரசாங்கம் காட்டிய வழியில் மற்றவர்களும் சென்றனர். கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் 1949-இல் தன் ஆசிரியர்களிடம் விசுவாசப் பிரமாணம் கேட்டது. அதில் கையெழுத்திட மறுத்த 31 ஆசிரியர்கள் மறு ஆண்டு நீக்கப்பட்டனர்; மாநில உச்ச நீதிமன்றம் 1952-இல் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. ஹாலிவுட்டில் விசாரணைக் குழுவுக்கு விடையளிக்க மறுத்த பத்துப் பேர் சிறை சென்றனர். மேலும் பலர் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு வேலை இழந்தனர். அப்பத்துப் பேரில் ஒருவரான டால்டன் ட்ரம்போ வேறு பெயர்களில் கதை எழுதிப் பிழைத்தார். 1957-இல் ராபர்ட் ரிச் என்பவருக்கு ஆஸ்கார் பரிசு அறிவிக்கப்பட்டது. அப்படி ஒருவரே இல்லை, எழுதியவர் ட்ரம்போ!

1950-ஆம் ஆண்டு பிப்ரவரியில் செனட்டர் ஜோசப் மக்கார்த்தி, வெளிநாட்டு அமைச்சகத்தில் பொதுவுடைமையர் நிறைந்திருப்பதாக முழங்கினார். அவர் காட்டிய எண்ணிக்கை கூட்டத்துக்குக் கூட்டம் மாறியது. ஆயினும் நான்காண்டுக் காலம் நாடு அவருக்கு அஞ்சியது.

அச்சம் மிகுந்தபோது சிறு செய்திகளும் பெரிதாயின. சின்சினாட்டி நகரத்துப் பேஸ்பால் குழு, தன் பெயரில் 'சிவப்பர்' என்னும் பொருள் இருந்தமையால், 1953-இல் பெயரையே சற்று மாற்றிக்கொண்டது. இந்தியானா மாநிலத்தின் பாடநூல் குழு உறுப்பினர் ஒருவர், செல்வரிடம் பறித்து ஏழைக்கு அளித்த இராபின் ஹுட் கதையைப் பள்ளியிலிருந்து நீக்க வேண்டும் என்றார். பள்ளிச் சிறுவர்கள் மேசைக்கு அடியில் பதுங்கி, அணுகுண்டிலிருந்து தப்பும் பயிற்சி செய்தனர். நியூயார்க் நகரில், குண்டு விழுந்தால் அடையாளம் காண்பதற்கென்று, மாணவர்களுக்குப் பெயர் பொறித்த உலோகத் தகடுகள் வழங்கப்பட்டன. அத்தகட்டைக் கழுத்தில் அணிந்த குழந்தை, அது எதற்கு என்று தாயிடம் கேட்டால், தாய் என்ன விடை சொல்லியிருப்பாள்?

இவற்றினும் பெரிய கேடு கண்ணுக்குத் தெரியாதது, அதுவே மௌனம். ஒரு விண்ணப்பத்தில் கையெழுத்திடவும், ஒரு பத்திரிகைக்குச் சந்தா கட்டவும், பழைய நண்பரை வீட்டிற்கு அழைக்கவும் மக்கள் இருமுறை எண்ணினர். ஊர் வாழ்வது போலவே வாழ்வதும், ஊர் பேசுவதையே பேசுவதும் பாதுகாப்பு எனக் கருதப்பட்டன.

இங்கே ஒரு முரண்பாட்டை நாம் கவனிக்க வேண்டும். சோவியத் நாட்டில், தந்தையைக் காட்டிக்கொடுத்தான் என்று சொல்லப்பட்ட பாவ்லிக் மோரோசோவ் என்ற சிறுவனை வீரனாக்கிப் பள்ளிகளில் போற்றினர். குடும்பப் பாசத்தையும் அரசுக்குப் பலியிடும் அம்முறையை அமெரிக்கர் வெறுத்தனர், வெறுத்தது நியாயமே. ஆனால் 1953-இல் ரடுலோவிச்சிடம் அவர்களுடைய விமானப்படை கேட்டதும் ஏறத்தாழ அதுதானே! எதற்கு அஞ்சினார்களோ, அதன் சாயலையே அச்சம் அவர்கள் வீட்டிற்குள் கொண்டுவந்தது.

எனினும் கதை அங்கே முடியவில்லை. எட்வர்டு மர்ரோ என்ற ஒலிபரப்பாளர், ரடுலோவிச்சின் வழக்கைத் தொலைக்காட்சியில் நாட்டுக்குக் காட்ட முனைந்தார். நிறுவனம் விளம்பரத்திற்குப் பணம் தர மறுத்தது. மர்ரோவும் அவருடைய கூட்டாளி பிரெட் பிரெண்ட்லியும் தம் சொந்தப் பணத்தில் பத்திரிகை விளம்பரம் செய்தனர். 1953 அக்டோபர் 20-இல் நிகழ்ச்சி ஒளிபரப்பாயிற்று. முதிய தந்தையும், சகோதரியும், ஊராரும் தம் வாயால் பேசினர். ஐந்து வாரங்களில், நவம்பர் 24-இல், ரடுலோவிச்சின் பதவி நிலைக்கும் என்று விமானப்படைச் செயலாளர் அறிவித்தார். 1954 மார்ச்சில் மர்ரோ மக்கார்த்தியின் போக்கையே நேராக ஆராய்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் செனட் சபை 67 வாக்குக்கு 22 என்ற கணக்கில் மக்கார்த்தியைக் கண்டித்தது. 1957-இல் உச்ச நீதிமன்றம் விசாரணைக் குழுக்களின் அதிகாரத்துக்கு வரம்பு வகுத்தது. அமெரிக்க விரோத நடவடிக்கைகளை விசாரிப்பதற்கென 1938-இல் தோன்றிய குழுவும் 1975-இல் கலைக்கப்பட்டது. ஆனால் இழந்த வேலையும் முறிந்த நட்பும் எல்லோருக்கும் திரும்பி வரவில்லை.

மாணவர்களாகிய உங்களுக்கு இவ்வரலாறு கூறுவது ஒன்று உண்டு. அஞ்ச வேண்டிய இடத்தில் அஞ்சாதிருத்தல் அறிவாகாது. ஆனால் அஞ்சும்போதும் சான்று எங்கே என்று கேட்கும் பழக்கத்தை விட்டுவிடலாகாது. ரடுலோவிச் பெரிய தலைவர் அல்லர்; புரட்சி செய்தவரும் அல்லர். உறையைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டார். என் தந்தை என் தந்தையே என்று சொன்னார். அந்த இரண்டு சொல்லையும் சொல்லத் துணிந்தவர் பலர் அன்று இருந்திருந்தால், அச்சம் அத்தனை இல்லங்களின் வாயிலைக் கடந்திராது.