சிறையிலிருந்து வந்த மகிழ்ச்சி மடல்

பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு வேற்றூரில் குடியேறியோர்க்குக் கவலைகள் பல. வீட்டுக்காரர் வாடகையை உயர்த்துவார். குழாயில் நீர் வரும் நேரமும் அலுவலகத்திற்குப் புறப்படும் நேரமும் ஒன்றாக அமையும். பிள்ளை இந்திப் பாடத்தில் பின்தங்குவான். பொங்கலுக்கு ஊர் செல்ல ரயிலில் இடம் கிடைக்காது. இவற்றுள் எதுவும் மலையன்று. ஆயினும், கண்ணருகே பிடித்த கைவிரல் மலையையே மறைத்துவிடுவது போலச் சிறு தொல்லைகள் வாழ்வின் நலன்களையெல்லாம் மறைத்து நிற்கின்றன. விரலைச் சற்று விலக்கிப் பார்க்கக் கற்றுத் தருவது சமயத்தின் பெரும் பணிகளுள் ஒன்று. கிறிஸ்தவ சமயம் இதனை எவ்வாறு கற்பிக்கின்றது என்பதற்கு, விவிலியத்தில் உள்ள பிலிப்பியர் திருமுகம் சிறந்த சான்றாகும். நான்கே அதிகாரங்கள் கொண்ட சிறு கடிதம் அது.

அதனை வரைந்த பவுல் அடிகளாரும் ஊர்விட்டு ஊர் வாழ்ந்தவரே. இன்றைய துருக்கி நாட்டிலுள்ள தர்சு அவர் பிறந்த நகரம். கூடாரம் செய்வது அவர் கைத்தொழில். கொரிந்து நகரை அடைந்தபோது, அதே தொழில் செய்த ஆக்கில்லா, பிரிஸ்கில்லாள் என்னும் தம்பதியரின் இல்லத்தில் தங்கி உழைத்தார். கி.பி. 41 முதல் 54 வரை ஆண்ட கிலவுதியு மன்னனின் ஆணையால் ரோமை விட்டு வெளியேற நேர்ந்தவர்கள் அவர்கள். அயலூரில் ஒருவர்க்கொருவர் கைகொடுத்து வாழ்வது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

அடிகளார் பட்ட பாடுகளோ மிகப் பல. மும்முறை கப்பற்சேதத்திற்கு உள்ளானார். ஐந்து முறை முப்பத்தொன்பது கசையடிகள் பெற்றார். பிலிப்பியருக்கு எழுதியபொழுது விலங்கு பூண்டு சிறையில் இருந்தார். வழக்கின் முடிவு விடுதலையோ மரணமோ என்பதும் அவருக்குத் தெரியாது. அந்நிலையில் எழுந்த கடிதத்தில் மகிழ்ச்சி என்னும் சொல்லே மீண்டும் மீண்டும் ஒலிக்கின்றது.

அவர் துன்பத்தை உணராத கல்நெஞ்சரோ எனில், அல்லர். பிலிப்பியர் தம் உதவிப் பொருளை எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் கொடுத்தனுப்பினர். வந்த இடத்தில் அவர் நோயுற்றுச் சாகும் தறுவாய்க்குச் சென்று பிழைத்தார். தாம் நோயுற்ற செய்தி ஊரார் செவிக்கு எட்டிவிட்டதே என்பதுதான் அவருக்குப் பெருங்கவலை! தொலைபேசியில், "எல்லோரும் நலம்" என்று கூறித் தம் காய்ச்சலை மறைக்கும் நம் இளைஞர்கள் அந்நெஞ்சத்தை நன்கு அறிவர். அடிகளார் அக்கவலையை எள்ளி நகையாடவில்லை. நண்பர் இறந்திருந்தால் தமக்குத் துயரின் மேல் துயரம் நேர்ந்திருக்கும் என்றே எழுதுகின்றார். அவரை விரைவில் ஊருக்கும் அனுப்பி வைக்கின்றார். துன்பத்தைத் துன்பமென்று ஒப்புக்கொள்வது விசுவாசத்திற்கு இழுக்கன்று.

அச்சபையில் எயோதியாள், சிந்திகேயாள் என்னும் இரு பெண்டிர் மனவேற்றுமை கொண்டிருந்தனர். இருவரும் நற்பணிக்காக அடிகளாருடன் உழைத்தவர்கள். ஒருமனப்படுமாறு இருவரையும் பெயர் சொல்லி வேண்டிக்கொண்ட பின்னரே, எதற்கும் கவலையுறாமல், நன்றியறிதலோடு வேண்டுதல்களை இறைவனிடம் தெரிவிக்கும்படி கூறுகின்றார். நம் சங்கங்களிலும் குடும்பங்களிலும் மன அமைதியைக் குலைப்பவை பெரும்பாலும் இத்தகைய பிணக்குகளே அல்லவா? பிணக்கை அப்படியே வைத்துக்கொண்டு அமைதியைத் தேடுவதில் பயனில்லை.

நன்றியறிதலோடு வேண்டுதல் என்பதே இங்கு உயிர்நிலை. தமிழ்க் கிறிஸ்தவ இல்லங்களில் இரவில் குடும்ப ஜெபம் நடத்தும் வழக்கம் பலருக்கும் தெரிந்ததே. அன்று பெற்ற நன்மைகளை முதலில் எண்ணி ஸ்தோத்திரம் செலுத்தி, அதன்பின் குறைகளைச் சொல்லும்போது, காலையில் மலையாகத் தோன்றியது தன் உண்மை அளவுக்குச் சுருங்குகின்றது. குறை மறைந்துவிட்டது என்பதன்று. அதைச் சுமப்பதில் கடவுளும் குடும்பமும் பங்கு கொள்கின்றன என்னும் தெளிவு பிறக்கின்றது. தம் இடுக்கணில் பங்குகொண்டது நன்று என்று பிலிப்பியரை அடிகளாரும் பாராட்டுகின்றார். ஆதலின் ஜெபிப்பவர் அண்டை வீட்டாரின் உதவியை நாடவும் தயங்க வேண்டுவதில்லை.

நிறைவிலும் குறைவிலும் மனநிறைவோடு இருக்கத் தாம் கற்றுக்கொண்டதாக அடிகளார் கூறுவதும் கருதத்தக்கது. அது பிறவிக் குணமன்று. நாள்தோறும் பயின்று பெற்ற கல்வி. அதற்கான ஆற்றல் தம்முடையதன்று, கிறிஸ்துவே அளித்தது என்பது அவர் துணிவு.

அன்பர்களே, இன்றிரவு உணவுக்குப் பின் குடும்பத்தோடு அமர்ந்து, பெற்ற நன்மைகளுள் மூன்றையேனும் பிள்ளைகள் வாயால் சொல்லச் செய்யுங்கள். வாடகைக் கணக்கை அதன்பின் பார்த்துக்கொள்ளலாம்.