உப்புக்காற்றில் ஓடும் பழைய கார்

மரக்காணம் உப்பளங்களை ஒட்டி ஓடும் பழைய கார்களுக்கு வயதைவிடக் காற்றுதான் பெரிய பகை. அடிப்பாகத்தில் படியும் உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். மழையே இல்லாத மாசியிலும் துரு ஓயாது. முதலில் சைலன்சர் ஓட்டையாகும், பிறகு பெட்ரோல் டேங்க், எர்த் ஒயரின் முனை.

அம்பாசடர், மாருதி 800 இரண்டின் உற்பத்தியும் 2014-இல் நின்றுபோனது. சென்னை புதுப்பேட்டையில் தேடினால் ஸ்பேர் கிடைக்கும்தான். வண்டியோ உப்பளத்து ஓரம் நிற்கிறது. ஆகவே கையில் இருப்பதே ஸ்பேர். டேங்க் கசிந்தால் துணி சோப்பை அழுத்தித் தேய்க்கிறார்கள். சோப்பு பெட்ரோலில் எளிதில் கரையாது, பட்டறை போய்ச்சேரும்வரை தாங்கும். சைலன்சருக்கு எண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றிக் கட்டுக்கம்பி முறுக்கினால் போதும். ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்தால் சைக்கிள் டியூபை இறுக்கிச் சுற்றி, இன்ஜின் ஆறியபின் மூடியை ஒரு படி தளர்த்திவிடுவார்கள். உள்ளே அழுத்தம் ஏறாததால் கட்டு நிற்கும். எவ்வளவு தெளிந்த யோசனை! அசல் பாகம் போடாத வேலை வேலையே அல்ல என்பாரும் உண்டு. காரணம் தெரிந்து செய்யும் கையை நான் மதிக்கிறேன்.

அந்தக் கை பிரேக் பைப்பைத் தொடும்போதுதான் எனக்குப் பதறுகிறது. பைப்பைப் பிடித்திருக்கும் கிளிப்புக்குப் பின்னால் உப்புச்சேறு தங்கி, கண்ணுக்குத் தெரியாமல் அரிக்கிறது. கசிந்த இடத்தை வெட்டிவிட்டு ரப்பர் குழாய் மாட்டி கிளாம்ப் போடுகிறார்கள். சிலர் பைப்பையே சுத்தியலால் நசுக்கி அந்தச் சக்கரத்தை விட்டுவிடுகிறார்கள். ரேடியேட்டரில் சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அளவு அழுத்தம்தான். பிரேக்கை ஓங்கி மிதித்தால் பைப்புக்குள் 50 கிலோவையும் தாண்டும். எந்த கிளாம்ப் தாங்கும்? பழைய அம்பாசடர்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே சர்க்யூட். ஓரிடத்தில் பிய்த்துக்கொண்டால் நான்கிலும் பிரேக் இருக்காது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு இது தெரியாது.

பைப்பை உள்ளூரிலேயே வளைத்து, முனையை முறைப்படி விரித்துத் தரும் பட்டறைகள் உண்டு. அதுவும் கைவேலைதான், தாராளமாகச் செய்யலாம். மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவி, கிளிப்புகளைக் கழற்றிப் பாருங்கள். பிரேக் ஆயில் திடீரென்று குறைந்திருந்தால் வண்டியை எடுக்காதீர்கள். கட்டி இழுத்துப் போகவும் வேண்டாம், லாரியில் ஏற்றி அனுப்புங்கள்.