உங்களுக்குத் தெரியுமா? பெயருக்கு முன்னால் 'பெரிட்'!

மத்தியதரைக் கடலிலுள்ள குட்டி நாடு மால்டா. பரப்பு 316 சதுர கிலோமீட்டர்தான். அங்கே டாக்டர்களைப் போலவே கட்டடக் கலைஞர்களும் பெயருக்கு முன்னால் பட்டம் போட்டுக்கொள்கிறார்கள்: 'பெரிட்'. கைதேர்ந்தவர் என்று பொருள்படும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. பட்டப்படிப்பு மட்டும் போதாது. பயிற்சிக்காலம், தேர்வு எல்லாம் தாண்டி 'வாரண்ட்' வாங்க வேண்டும். (பயப்படாதீர்கள், அங்கே அது தொழில் உரிமம்!) இவர்களின் சங்கமான 'கம்ரா தல்-பெரிட்டி' 1920-இல் பிறந்தது. இதில் சுவையான சங்கதி, வீட்டின் அழகை வரைவதும், உத்தரம் பாரம் தாங்குமா என்று கணக்குப் போடுவதும் அங்கே வழிவழியாக ஒரே பெரிட்டின் வேலை. சுவரில் விரிசல் விழுந்தால், 'இன்ஜினீயரைக் கேளுங்கள்' என்று நழுவ முடியாது!