லங்காவியில் உள்ளூர்ச் சாப்பாடு எங்கே கிடைக்கும்? கடற்கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே போகவேண்டும்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் சுங்கைப் பட்டாணி, கூலிம், தைப்பிங், கிள்ளான் என்று பல ஊர்களிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் லங்காவிக்குக் கிளம்பிவிடுகின்றன. குவாலா கெடாவிலிருந்து ஃபெர்ரி ஏறினால் ஏறக்குறைய ஒன்றேமுக்கால் மணி நேரம். குவாலா பெர்லிசிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். குவா துறைமுகத்தில் இறங்கி, வாடகைக் கார் எடுத்து, பந்தாய் செனாங் கடற்கரையில் அறை போடுவதுதான் வழக்கம்.

மூன்று நாள் கழித்துத் திரும்பி வருபவர்களிடம் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டால், பலருடைய பதில் ஒன்றுபோலவே இருக்கும். நாசி கோரேங், தோம்யாம், ஒரு நாள் பீட்சா, ஒரு நாள் பெரிய செலவில் மீன். இவையெல்லாம் சொந்த ஊரிலேயே கிடைப்பவை, அங்கே விலையும் குறைவு.

இதற்குக் குடும்பங்களைக் குறை சொல்ல முடியாது. பந்தாய் செனாங் சாலை முழுக்க முழுக்கச் சுற்றுப்பயணிகளுக்காக அமைந்தது. கடை வாடகை அதிகம். வருகிறவர்களோ உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். எல்லோருக்கும் பழக்கமான உணவைத்தான் அங்கே விற்க முடியும். லங்காவி 1987 முதல் வரியில்லாத் தீவு என்பதால் சாப்பாடும் மலிவாக இருக்கும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாக்லெட்டும் பீங்கானும் மலிவுதான். அரிசியும் காய்கறியும் பெரும்பாலும் பெருநிலத்திலிருந்து கப்பலேறி வரவேண்டும். அந்தக் கூலி தட்டில் வந்து சேர்ந்துவிடும்.

தீவுக்காரர்கள் செனாங்கில் சாப்பிடுவதில்லை. அவர்கள் சாப்பிடும் இடம் நேரத்துக்கு நேரம், நாளுக்கு நாள் மாறும். அந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டால் பாதிச் செலவில் நல்ல சாப்பாடு கிடைக்கும்.

இதில் முதலில் தெரிந்துகொள்ளவேண்டியது பாசார் மாலாம். லங்காவியில் இரவுச் சந்தை ஒரே இடத்தில் நிற்பதில்லை, கிராமம் கிராமமாகச் சுற்றுகிறது. திங்கட்கிழமை உலு மெலாக்கா, செவ்வாய்க்கிழமை கெடாவாங், புதன்கிழமை குவா, வியாழக்கிழமை தெமோயோங், வெள்ளிக்கிழமை ஆயிர் ஹாங்காட், சனிக்கிழமை மறுபடியும் குவா, ஞாயிற்றுக்கிழமை பாடாங் மாட்சிராட். மாலை 5 மணி வாக்கில் தொடங்கி இரவு 10 மணிக்குள் முடிந்துவிடும். மழை பெய்தாலும் பெருநாள் வந்தாலும் மாற்றம் இருக்கலாம் என்பதால், தங்கும் இடத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புவது நல்லது.

இவற்றில் தெமோயோங் சந்தை செனாங்குக்கு மிக அருகில் இருப்பது. அதனாலேயே வியாழக்கிழமை அங்கே வெளிநாட்டுக்காரர்கள் நிறைந்துவிடுகிறார்கள். நடக்க இடமிருக்காது. நாள் ஒத்து வந்தால் உலு மெலாக்காவுக்கோ பாடாங் மாட்சிராட்டுக்கோ போவது மேல். அங்கே வேலை முடிந்து வீட்டுக்குப் போகும் உள்ளூர்க்காரர்கள் இரவுச் சாப்பாட்டுக்குக் குழம்பும் மீனும் வாங்கிப் போவதைப் பார்க்கலாம். எந்தக் கடையில் அவர்கள் வரிசையில் நிற்கிறார்களோ, அதுதான் நல்ல கடை. இதைவிடச் சிறந்த வழிகாட்டி கிடையாது.

சந்தையில் என்ன வாங்கலாம்? வாழையிலையில் வைத்துச் சுட்ட கெம்போங் மீன், திருக்கை, கணவாய். கூடவே தரும் ஆயிர் ஆசாமை மறக்காமல் கேட்டு வாங்கவேண்டும். புளி, வெங்காயம், மிளகாய், கொஞ்சம் பெலாச்சான் கலந்த அந்தத் தண்ணீர்ச் சட்னி இல்லாவிட்டால் சுட்ட மீன் வெறும் சுட்ட மீன்தான். பிறகு கோழி சாத்தே, அப்பாம் பாலிக், புலுட், வண்ண வண்ணமாகக் குவே. தேங்காய்ப்பூவும் கருப்பட்டியும் சேர்ந்த குவே வகைகள் நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சொந்தம் மாதிரி இருக்கும். பிள்ளைகள் தயங்காமல் சாப்பிடுவார்கள். உட்கார மேசை நாற்காலி பெரும்பாலும் இருக்காது. பொட்டலம் கட்டிக் கடற்கரைக்கோ அறைக்கோ கொண்டுபோவதுதான் வழக்கம். பாயும் தண்ணீர்ப் போத்தலும் காரில் இருந்தால் போதும்.

லங்காவிக்கும் சாப்பாட்டுக்கும் உள்ள உறவு ஊர்ப் பெயர்களிலேயே இருக்கிறது. தீவின் பழங்கதையில் இரண்டு பூதங்களின் குடும்பங்கள் கல்யாண விருந்தில் சண்டை போட்டுக்கொண்டன. சட்டி பானைகள் பறந்தன. பானை உடைந்த இடம் பெலாங்கா பெச்சா, குழம்பு கொட்டிய இடம் குவா, அது ஊறி இறங்கிய இடம் கிசாப், சுடுதண்ணீர் கொட்டிய இடம் ஆயிர் ஹாங்காட். சண்டை போட்ட இருவரும் மாட் சின்சாங், குனோங் ராயா என்ற இரண்டு மலைகளாகிவிட்டார்களாம். துறைமுக நகரத்துக்கே குழம்பு என்று பெயர் வைத்த தீவு இது. பாடாங் மாட்சிராட்டில் பெராஸ் தெர்பாக்கார் என்னும் இடமும் உண்டு. சயாம் படை வந்தபோது எதிரிக்குக் கிடைக்கக்கூடாது என்று ஊர்மக்கள் அரிசியைக் கொளுத்திய இடம் என்று சொல்லி இன்றும் காட்டுகிறார்கள்.

காலைப் பசியாறலுக்கு ஹோட்டலை நம்பாமல் சாலையோர அங்காடிக் கடைகளைத் தேடலாம். கெடாவின் வடபகுதியில் பரவலாக உள்ள பழக்கம் புலுட்டும் கருவாடும். அவித்த புலுட் அரிசி, மேலே துருவிய தேங்காய், பக்கத்தில் பொரித்த கருவாடு. தோட்டத்தில் வளர்ந்த பெரியவர்களுக்கு இது உடனே பிடித்துவிடும். நாசி லெமாக், ரொட்டி சானாய் எங்கும் உண்டு. ஆனால் 9, 10 மணிக்குமேல் போனால் நல்ல கடைகளில் எல்லாம் தீர்ந்திருக்கும். விடுமுறைதானே என்று தாமதமாக எழுபவர்களுக்கு இந்தப் பசியாறல் கிடைக்காது.

மதியம் நாசி சம்போர். சோற்றை வாங்கிக்கொண்டு இருபது முப்பது தட்டுகளிலிருந்து வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளும் முறை. மீன் குழம்பு, பொரித்த கோழி, சம்பால், பச்சை இலைகளாகிய உலாம். விலை எடுப்பதைப் பொறுத்தது. இறால், பெரிய மீன்துண்டு, கணவாய் முட்டை ஆகியவைதான் கணக்கை ஏற்றும். சாப்பிடத் தொடங்குமுன் தட்டைக் காட்டி விலை கேட்டுவிடுவது அங்கே தவறான பழக்கமல்ல, உள்ளூர்க்காரர்களும் அப்படித்தான் செய்கிறார்கள். கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். வெள்ளிக்கிழமை நண்பகல் தொழுகை நேரத்தில் மலாய்க்காரர் கடைகள் மூடியிருக்கும். அன்று 12 மணிக்கு முன்பே சாப்பிட்டுவிடவேண்டும், அல்லது 3 மணி வரை பொறுத்திருக்கவேண்டும்.

அப்படிப் பொறுத்திருப்பவர்களுக்கு லக்சா இருக்கிறது. லங்காவி லக்சா கெடா வகையைச் சேர்ந்தது. பினாங்கு லக்சாவைப்போல் கறுப்பான இறால் விழுதை மேலே ஊற்ற மாட்டார்கள். மீனை அவித்து உதிர்த்து, மிளகாயும் வாசனை இலைகளும் ஆசாம் கெப்பிங்கும் போட்டுக் கொதிக்கவைத்த குழம்பு. ஆசாம் கெப்பிங் நம் குடம்புளிக்கு உறவுக்காரச் செடிதான். அதனால் புளிப்பு நமக்குப் புதிதாகத் தெரியாது. தடிமனான அரிசி மீ, வெள்ளரி, வெங்காயம், பாதி முட்டை. விமான நிலைய ஓடுதளத்தை ஒட்டிய கடலோரச் சாலையில் லக்சாக் கடைகள் இருக்கின்றன. விமானம் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடலாம் என்பதால் பிள்ளைகள் அந்த இடத்தை விட்டு எழ மாட்டார்கள்.

உள்ளூர்க்காரர்கள் மட்டுமே தேடிச் சாப்பிடும் ஒன்று கெராபு பெரோனோக். தண்ணீர் வற்றும்போது கடற்கரையில் எடுக்கும் ஒருவகைக் கடலுயிரை மெல்லியதாக நறுக்கி, தேங்காய், மிளகாய், எலுமிச்சை சேர்த்துப் பச்சையாகவே பிசைவார்கள். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. வயிறு பலவீனமானவர்களும் சிறுபிள்ளைகளும் தொடாமல் இருப்பது நல்லது.

இனி, லங்காவிக்குப் போய்வந்த பல குடும்பங்கள் வருத்தத்தோடு பேசும் விஷயம்: மீன் பில். 2021 நவம்பரில் இந்தத் தீவின் மிதக்கும் உணவகம் ஒன்றில் ஒரே ஒரு சியாகாப் மீனுக்கு 1,196 ரிங்கிட் 80 சென் என்று வந்த ரசீது நாடு முழுவதும் பரவியது. கணக்கு என்னவோ நேராகத்தான் இருந்தது. மீனின் எடை 7.48 கிலோ, விலை 100 கிராமுக்கு 16 ரிங்கிட். அதாவது கிலோ 160 ரிங்கிட். பட்டியலில் 16 என்று பார்க்கும் கண் அதைக் கிலோவுக்கு மாற்றிப் பார்ப்பதில்லை. உயிரோடு நீந்தும் மீனைக் கையைக் காட்டித் தேர்ந்தெடுக்கும்போது அது இரண்டு கிலோவா ஏழு கிலோவா என்று தெரிவதுமில்லை.

மிதக்கும் உணவகங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. சதுப்புநிலக் காடுகளைச் சுற்றிக் காட்டும் படகு அங்கே கொண்டுபோய் விடுகிறது. பசியோடு இருக்கும் பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சுற்றிலும் தண்ணீராக இருக்கும்போது, பக்கத்துக் கடையில் விலை விசாரிக்க வழியில்லை. ஆகவே படகு ஏறுமுன் வயிறாரச் சாப்பிட்டுவிடுவது பாதுகாப்பு. அங்கேயே சாப்பிடுவதாக இருந்தால், மீனைத் தராசில் வைத்து எடையைக் காட்டச் சொல்லவேண்டும். கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று அடுப்பில் போடுமுன் எழுதி வாங்கவேண்டும். கூச்சப்படுவதற்கு இதில் ஒன்றுமில்லை. ஆறு பேருக்கு ஒன்றரைக் கிலோ மீனும் ஒரு தட்டுக் காய்கறியும் தாராளம். விலைப்பட்டியல் வைக்காத கடையைப் பற்றி உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சிடம் புகார் செய்யலாம். அதற்கு ரசீது கையில் இருக்கவேண்டும்.

சமையலறையோடு வீடு எடுத்துத் தங்குபவர்களுக்கு வேறு வழி உண்டு. குவாலா தெரியாங் மீனவர் கிராமம். மீன் வாங்கி நம் கைப்பக்குவத்தில் குழம்பு வைத்துக்கொள்ளலாம். மசாலாத் தூளை மட்டும் வீட்டிலிருந்து கொண்டுபோனால் சரி.

மாட்டிறைச்சி சாப்பிடாதவர்களும் சைவக்காரர்களும்தான் உள்ளூர்க் கடைகளில் அதிகம் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. ஆனால் சில விவரங்கள் தெரிந்தால் வழி இருக்கிறது. மலாய்க் கடையில் டாகிங் என்று சொன்னால் பெரும்பாலும் மாட்டிறைச்சிதான். ரெண்டாங், சூப், பர்கர் ஆகிய மூன்றிலும் கேட்காமல் கைவைக்கக்கூடாது. பீஹுன் சூப் கோழியோடு வந்தாலும் தண்ணீர் மாட்டெலும்பில் கொதித்ததாக இருக்கலாம். சாத்தே கடையில் கோழியும் மாடும் ஒரே தணலில் வாட்டப்படும். அது ஒத்துவராது என்பவர்கள் கோழி மட்டும் விற்கும் கடையைப் பார்க்கலாம். நாசி சம்போரில் ஒரே கரண்டி பல தட்டுகளுக்குப் போய்வரும். பெரிய கூட்டம் வருமுன் போனால் கரண்டிகள் அதனதன் இடத்தில் இருக்கும். மீன் சுடும் கடையும் லக்சாக் கடையும் இந்தக் கவலை குறைவான இடங்கள். "சாயா தா மாக்கான் டாகிங் லெம்பு" என்று சிரித்தபடி சொன்னால் பெரும்பாலான கடைக்கார அக்காமார் தாங்களே எதை எடுக்கலாம் என்று காட்டிவிடுவார்கள்.

சுத்த சைவம் கடினம்தான். கங்கோங் கீரையில் பெலாச்சான், பொரித்த காய்களில் இறால் தூள், நாசி லெமாக் சம்பாலில் நெத்திலி. பார்வைக்குக் காய்கறி, உள்ளே மீன். வெள்ளிக்கிழமை, புரட்டாசி என்று விரதம் இருப்பவர்கள் காலையில் ரொட்டி சானாய்க்குச் சீனியோ தனிப் பருப்போ கேட்கலாம். புலுட்டைக் கருவாடு இல்லாமல் தேங்காயோடு வாங்கலாம். சந்தையில் பீசாங் கோரேங், அவித்த சோளம், குவே உண்டு. சோற்று வேளைக்குக் குவாவிலும் செனாங்கிலும் உள்ள இந்திய உணவகங்கள்தான் துணை. செனாங்கில் உள்ளவை பல வட இந்தியச் சமையல். விலையும் சுற்றுப்பயணி விலை என்பதை எதிர்பார்த்தே போகவேண்டும்.

நோன்பு மாதத்தில் போகிறவர்களுக்குப் பகலில் மலாய்க் கடை கிடைக்காது. சீனர் கடைகளும் இந்தியர் கடைகளும் திறந்திருக்கும். ஆனால் மாலை ரமலான் சந்தையில் கிடைக்கும் வகைகள் மற்ற மாதங்களில் கிடைப்பதில்லை. வாங்கிப் பொட்டலம் கட்டி, நோன்பு திறக்கும் நேரத்துக்குப் பிறகு அறையில் பிரித்துச் சாப்பிட்டால் யாருக்கும் சங்கடமில்லை.

திரும்பும் நாளில் பலரும் ஃபெர்ரிக்கு இரண்டு மணி நேரம் முன்பே குவாவுக்கு வந்து சாக்லெட் கடைகளில் நேரத்தைக் கழிக்கிறார்கள். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஃபெர்ரி ஏறினால் வாந்திதான் மிஞ்சும். அன்றைக்குக் கோப்பியும் இரண்டு குவேயும் போதும். சனிக்கிழமைப் பயணமாக இருந்தால் கவனிக்கவேண்டிய ஒன்று: குவா இரவுச் சந்தை தொடங்குவது மாலையில். கடைசி ஃபெர்ரி எத்தனை மணிக்கு என்று டிக்கெட் வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளவேண்டும்.